கை தாங்குகிற சூடு

சாக்ஸைக் கழற்றியபோது அதோடு தோலும் சேர்ந்து வந்தது.

வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகும் நர்ஸ், அந்தப் பாதத்தைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தாள். கட்டிலில் சாய்ந்திருந்தவளுக்கு அது தன் காலா, பக்கத்து வீட்டுக்காரர் காலா என்றுகூடத் தெரியாது. பக்கவாதம் வந்து இடது பக்கம் மரத்துப்போனதிலிருந்து அப்படித்தான்.

"என்ன சிஸ்டர், என் கால்ல புதையல் கெடச்ச மாதிரி பாக்கறீங்க?" என்றாள். அவள் வாயில் ஒரு பக்கம் மட்டுமே சொன்ன பேச்சைக் கேட்கும். அந்த ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டே இரண்டு பேருக்குப் பேசிவிடுவாள்.

"கொப்புளம்மா. வெந்நீர் பட்டு வந்து, உடைஞ்சிருக்கு."

"வெந்நீரா? சாக்ஸ் ரப்பர் இறுக்கியிருக்கும்," என்றார், கட்டில் கால்மாட்டில் நின்றிருந்த கணவர்.

"ரப்பர் இறுக்கினா பாதத்துல எதுக்குங்க தோல் உரியுது? காலை ஊற வைக்கற தண்ணி எவ்வளவு சூடா வைக்கறீங்க?"

கால் விறைப்பு இளகுவதற்காக, குளிக்கும் முன் வெதுவெதுப்பான தண்ணீரில் பாதத்தை ஊற வைக்கச் சொன்னதே இந்த நர்ஸ்தான்.

"கை தாங்கற சூடுதான். நானே கைய விட்டுப் பாத்துட்டுத்தான் வைக்கறேன்."

"யாரு கை தாங்கற சூடு?"

"என் கைதான். இதுக்குன்னு வெளிய இருந்தா கை வரவழைக்க முடியும்?"

"அவர் கை சாதாரணக் கை இல்ல சிஸ்டர்," என்றாள் மனைவி. "அதுக்குப் பட்டமெல்லாம் குடுத்திருக்காங்க."

பட்டம் என்று அவள் கேலியாகச் சொன்னது உண்மைதான். வேலை பார்த்த சாயப் பட்டறையில் அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. எல்லோருக்கும் அவர் 'மீட்டர்'. சாயத் தொட்டியின் சூட்டை அளக்க ஒரு கண்ணாடிக் குச்சி உண்டு. அது சூப்பர்வைசரின் சட்டைப் பையில் இருக்கும். சூப்பர்வைசரோ அநேகமாக டீக்கடையில் இருப்பார். ஆகவே தொட்டியடியில் நிற்பவர்கள் விரல் மூட்டுவரை விட்டு, கை தாங்கும்வரை மனசுக்குள் எண்ணி, நீலத்துக்கு இவ்வளவு, சிவப்புக்கு இவ்வளவு என்று முடிவுசெய்வார்கள். அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒருமுறை குச்சி ஒன்று சொல்ல, இவர் கை வேறொன்று சொல்ல, சூப்பர்வைசர் குச்சியை நம்பி நனைத்த துணி முழுவதும் திட்டுத்திட்டாக வந்தது. அன்றிலிருந்து சூப்பர்வைசரே, "மீட்டரக் கூப்பிடு" என்று ஆள் அனுப்ப ஆரம்பித்தார். ஓய்வுபெற்று வந்த பிறகும் அந்தப் பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது. வீட்டில் மனைவி கோபம் வந்தால் 'ஏங்க' என்பாள். சந்தோஷமாக இருந்தால் 'மீட்டர்காரரே' என்பாள்.

நர்ஸ் மருந்து தடவிக் கட்டுப்போட்டாள். போகும்போது வாசலில் நின்று, "உங்க பொண்ணுகிட்ட இதை நான் சொல்லித்தான் ஆகணும். தப்பா நினைச்சுக்காதீங்க," என்றாள்.

மகள் மறுநாளே வந்துவிட்டாள். வந்தவள் அம்மாவின் காலைப் பார்த்தாள், பிறகு குளியலறையைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, நான் சண்டை போட வரல. அந்த முதியோர் இல்லத்துல ஒரு கட்டில் காலியா இருக்கு. அம்மாக்குன்னு சொல்லி வெச்சிருக்கேன். ரொம்ப நாள் வெச்சிருக்க மாட்டாங்க."

"யாரக் கேட்டு சொல்லி வெச்ச?" இது உள்ளேயிருந்து அம்மாவின் குரல்.

"உன்னக் கேட்டா நீ என்ன சொல்லுவன்னு தெரியும்மா."

"தெரியும்ல? அப்ப விட்டுரு. பக்கத்து மாடி டீச்சரம்மாவ அங்கதானே கொண்டுபோய் விட்டாங்க. வரிசையா சேர்ல உக்கார வெச்சு, ஒரே குழாயில எல்லாரையும் கழுவுறாங்களாம். காரு கழுவற மாதிரி. நான் இந்த வீட்டுலயே அழுகிப் போறேன், போ."

"அழுகித்தாம்மா போயிட்டிருக்க."

சொன்னதும் மகளின் முகம் மாறிவிட்டது. பிறகு அவள் பையிலிருந்து ஒரு தெர்மாமீட்டரை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கைக்குழந்தைகளின் குளியல் தண்ணீரில் மிதக்கவிடுவது. பச்சைப் பிளாஸ்டிக் சட்டத்துக்குள் ஒரு கண்ணாடிக் குழாய், அதில் சிவப்புத் திரவம்.

"இதத் தண்ணிக்குள்ள விடுங்க. இந்தப் பச்சைக் கோட்டுக்குள்ள இருக்கணும். தாண்டினா ஊத்தக் கூடாது. ஹீட்டரையும் குறைச்சு வையுங்க. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் யாரையும் கேக்கப் போறதில்ல. வண்டியோடதான் வருவேன்."

"ஆகாது," என்றார் மீட்டர்.

ஹீட்டரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். குளியலறைச் சுவரில், தலைக்குமேல் தொங்கும் பழைய வெள்ளை டிரம் அது. வயிற்றுப் பகுதியில் ஒரு திருகு. திருகைச் சுற்றி எழுதியிருந்த எண்களை எத்தனையோ வருட ஈரம் அழித்துவிட்டது. ஒரு கோடியில் நீலப் புள்ளி, மறுகோடியில் சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான் மிச்சம். உள்ளேயிருக்கும் தெர்மோஸ்டாட்டை இந்தத் திருகுதான் ஆட்டிவைக்கிறது. எவ்வளவு சூடானதும் நிற்க வேண்டும், எவ்வளவு ஆறினதும் மறுபடி பற்ற வேண்டும் என்று அது முடிவுசெய்யும். மனைவியை மருத்துவமனையிலிருந்து கூட்டிவந்தது குளிர் காலம். முதல் குளியலில் அவள் பல் தந்தியடித்தது. அவர் அன்றைக்கே திருகைச் சிவப்புப் புள்ளிவரை தள்ளினார். அது போக மறுத்தது. அழுத்தியதும் கடக்கென்று ஒரு சத்தம், பிறகு வழுக்கிக்கொண்டு போனது. இறுகிக்கிடந்தது இளகிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மகள் போனதும் ஸ்டூலைப் போட்டு ஏறினார். திருகைப் பிடித்து நீலப் புள்ளிப் பக்கமாகத் திருப்பினார். வெண்ணெய்போல வந்தது. குழாயைத் திறந்து பழைய சூடான தண்ணீரையெல்லாம் சாக்கடைக்கு அனுப்பினார். புதுத் தண்ணீர் காயட்டும் என்று, செய்தித்தாளை ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு போய்க் குழாயின் கீழே கையை நீட்டினார்.

சூடு இறங்கியிருந்தது. அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. நேற்றுவரை இருந்த அந்தக் கடுமை போய்விட்டது, கை சொன்னது. தண்ணீரிலிருந்து ஆவி எழுந்து கண்ணாடியை மறைத்ததைப் பார்த்தார்தான். ஆனால் ஆவிக்குள்ளேயே காலம் தள்ளிய மனிதருக்கு ஆவி ஓர் அடையாளமாகத் தோன்றவில்லை. காற்று இருக்கிறது என்பது மாதிரி ஆவியும் இருக்கிறது.

"இப்ப பாரு, பூ மாதிரி இருக்கு," என்று கூவினார்.

"நீங்க சொன்னா சரிதான், மீட்டர்காரரே," என்று கட்டிலிலிருந்து பதில் வந்தது.

மறுநாள் காலை டப்பில் வெந்நீர் பிடித்து, கைக்கு இதமாகும்வரை குளிர்ந்த தண்ணீர் கலந்து, மகள் சொன்னபடி தெர்மாமீட்டரை மிதக்கவிட்டார். சிவப்புக் கோடு பச்சையைத் தாண்டி, அதற்கு மேலுள்ள எல்லாவற்றையும் தாண்டி, உச்சியில் போய் முட்டிக்கொண்டு நின்றது. அவர் கையை விட்டார். இதம். தெர்மாமீட்டரைப் பார்த்தார். உச்சி. மறுபடி கையை விட்டார்.

பட்டறையில் இப்படி நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு முறை இருந்தது. கண்ணாடிக் குச்சிமேல் சந்தேகம் வந்தால் அதைக் கொதிக்கும் தண்ணீரில் எல்லோர் முன்னிலையிலும் விடுவார்கள். சரியாக நூறு காட்டினால் குச்சி நல்லது, இல்லாவிட்டால் குப்பைக்கு. அந்த முறையில் அவர் ஒரு குறையும் கண்டதில்லை. மனைவியைத் துண்டு போர்த்தி நாற்காலியிலேயே உட்காரவைத்துவிட்டு, அடுப்பில் கெட்டிலை ஏற்றி, தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் தெர்மாமீட்டரை அதற்குள் போட்டார்.

டப்பென்று ஒரு சத்தம். கெட்டிலுக்குள் தண்ணீர் மெல்லச் சிவந்தது. பிளாஸ்டிக் சட்டம் வாடிய கீரைபோல வளைந்து மேலே வந்தது.

"என்னங்க அது சத்தம்?"

"தெர்மாமீட்டர் பரீட்சையில தோத்துப் போச்சு."

அவர் அதைக் கரண்டியில் ஏந்திக்கொண்டு போய்க் காட்டினார். அவள் பார்த்தாள். முதலில் வலது பக்க உதடு மட்டும் ஆடியது, பிறகு தோள் குலுங்கியது, நாற்காலியே ஆடும்படி சிரித்தாள். அவரும் சிரித்தார். அவள் வீடு திரும்பிய பிறகு இருவரும் சேர்ந்து அப்படிச் சிரித்ததே இல்லை.

"கொதிக்கற தண்ணியத் தாங்காத குச்சி, எனக்குச் சூடு சொல்லித்தர வந்துருச்சு."

"பாப்பா கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"கேட்டா நீ சொல்லு."

"நான் ஏன் சொல்றேன்? கெட்டில்ல போட்ட விஞ்ஞானி சொல்லட்டும்."

மகள் அன்று மாலை போனில் கேட்கவும் கேட்டாள்: தெர்மாமீட்டர் என்ன காட்டியது என்று. "நல்லாவே காட்டுச்சு," என்றார். ஹீட்டரைக் குறைத்துவிட்டதாகவும் சொன்னார். அது பொய்யில்லை என்றே நம்பினார்.

அதற்குப் பிறகு தினமும் அப்படியே நடந்தது. டப், கலப்பு, கை, கட்டின்மேல் பிளாஸ்டிக் பை சுற்றிய கால். பிறகு பக்கெட்டில் தண்ணீர் கலந்து முதுகுக்கும் தோளுக்கும் ஊற்றுவார். ஊற்றும்போது, "சுடுதா?" என்று கேட்பார். "இல்லீங்க, நல்லா இருக்கு," என்பாள். ஒருநாள் அவளுடைய வலது தோளில் திட்டாகச் சிவந்திருந்தது. "அரிச்சுது, சொறிஞ்சேன். நகம் வெட்டி விடுங்க," என்றாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடியெடுத்துப் போட்டுக்கொண்டு, வலது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து நகம் வெட்டிவிட்டார். வெட்டவேண்டிய அளவுக்கு அதில் நகமே இல்லை என்பது அவர் கண்ணில் படத்தான் செய்தது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த முறை நர்ஸ் வந்தபோது பழைய புண் ஆறியிருக்கவில்லை. கணுக்காலுக்கு மேலே புதிதாக இன்னொன்று பளபளவென்று எழும்பியிருந்தது.

மீட்டர் அதை நர்ஸின் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தார். பார்த்ததும் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"ஹீட்டரக் கொறச்சுட்டேன் சிஸ்டர். நானே ஏறித் திருப்பினேன்."

"கொறச்சும் இப்படி வருதுன்னா ஹீட்டர்ல கோளாறு இருக்கு. ஆள வெச்சுப் பாத்தீங்களா?"

"சிஸ்டர்," என்றாள் மனைவி. கேலி எதுவும் அந்தக் குரலில் இல்லை. "என் பொண்ணுகிட்ட சொல்லாதீங்க. உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன். ஒரு கையாலதான் கும்பிட முடியும், அத வெச்சு அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க."

நர்ஸ் கட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். சுற்றவேண்டியதற்கு மேலேயும் சுற்றினாள்.

"நான் அடுத்த தடவை வர்றதுக்குள்ள எலெக்ட்ரீஷியனக் கூட்டிட்டு வந்து சரி பண்ணியிருக்கணும். அதுவரைக்கும் வெந்நீரே வேண்டாம், ஈரத்துணியால துடைச்சு விடுங்க. சரியாயிருந்தா நான் இதப் பத்திப் பேச மாட்டேன். சரியாகலன்னா, அம்மா, நீங்க கும்பிட்டாலும் நான் சொல்லுவேன்."

எலெக்ட்ரீஷியன் கனத்த உடம்புக்காரர். ஸ்டூலைப் பார்த்து, "இது என்னத் தாங்குமா ஐயா, இல்ல ரெண்டு பேருக்கும் சேத்து ஆஸ்பத்திரியா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறினார். ஏறுவதற்கு முன் குழாயைத் திறந்து விரலை நீட்டினார். நீட்டிய வேகத்தில் இழுத்துக்கொண்டு, விரலை உதறி, சட்டையில் துடைத்தார்.

"இதுவா கொறச்சு வெச்சது?"

"ஆமாங்க. நீலப் புள்ளியில இருக்கு பாருங்க. நான் தினமும் கைய விட்டுப் பாக்கறேன், இதமாத்தான் இருக்கு." சொன்னதை நிரூபிக்கிற மாதிரி மீட்டர் தன் வலது கையைக் குழாயின் கீழே நீட்டினார். தண்ணீர் உள்ளங்கையில் விழுந்து விரலிடுக்கில் வழிந்தது. "பாருங்க."

எலெக்ட்ரீஷியன் கையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தார்.

"ஐயா, கைய எடுங்க."

"எதுக்கு?"

"எடுங்கன்னா எடுங்க." அவரே மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தார். குழாயை மூடினார். உள்ளங்கை செக்கச்செவேலென்று இருந்தது. "இதுல முட்டை வேகும் ஐயா. உங்களுக்கு ஒண்ணுமே தெரியலயா? சக்கர கிக்கர இருக்கா?"

மீட்டர் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ ஒருவருடைய பொருளைத் தன்னிடம் கொடுத்து வைத்திருந்த மாதிரி பார்த்தார்.

எலெக்ட்ரீஷியன் மேலே ஏறித் திருகை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். அது கையோடு வந்துவிட்டது. "இந்தா பாருங்க. உள்ள பல்லு எல்லாம் தேஞ்சு ஒடஞ்சிருக்கு. நீங்க இத நாள் முழுக்கச் சுத்தினாலும் இது மட்டும்தான் சுத்தும். உள்ள தெர்மோஸ்டாட் அப்படியே உச்சியில நிக்குது. என்னிக்கோ யாரோ அமுக்கித் தள்ளியிருக்காங்க."

"நான் திருப்பினதும் சூடு கொறஞ்சுதே," என்றார் மீட்டர். "கையில தெரிஞ்சுதே."

"எப்படிங்க தெரியும்? எதுவுமே கொறயல."

எலெக்ட்ரீஷியன் பழைய தெர்மோஸ்டாட்டையே மாற்றினார். புதுத் திருகு போட்டார். இதில் எண்கள் தெளிவாக இருந்தன. தண்ணீரைக் காயவைத்து, தன் பையிலிருந்த கருவியால் அளந்து, கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இறக்கி, மறுபடி அளந்து, திருப்தியான இடத்தில் பெயின்டால் ஒரு கோடு போட்டார்.

"இந்தக் கோட்டுல இருந்தா நேரா மேல ஊத்தினாக்கூட சுடாது. ஆனா ஒண்ணு. இவ்வளவு கொறச்சலாவே வெச்சிருந்தா தொட்டிக்குள்ள கிருமி சேரும். வாரத்துக்கு ஒரு தடவை மேல ஏத்தி நல்லாக் காய விட்டு, தொறந்து கொட்டிட்டு, மறுபடி கோட்டுக்கு எறக்கணும். ஏத்தற அன்னிக்கு அந்தத் தண்ணி அம்மா மேல பட்டுரக் கூடாது. எறக்கின பிறகும் வேற யாராச்சும் கைய வெச்சுப் பாத்துட்டு ஊத்துங்க." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் கருவிகளைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார்.

அவர் போன பிறகு மீட்டர் கட்டிலருகே வந்து நின்றார். சிவந்த கையை அவள் பார்க்கும்படி நீட்டினார்.

"இது செத்துப் போச்சு," என்றார்.

அவள் வலது கையால் அவர் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியுங்க."

"என்ன தெரியும்? இப்ப அந்த ஆள் சொன்னது காதுல விழுந்துதா?"

"முன்னாடியே தெரியும். கொதிக்கற டீய ஊத்தின டம்ளர அப்படியே கையில புடிச்சுட்டு வந்து நின்னு பேசிட்டிருப்பீங்க. நான் தொட்டா சுடும்."

அவர் மெதுவாகக் குனிந்து அவளுடைய வலது தோளிலிருந்து துணியை விலக்கினார். சிவப்புத் திட்டு கழுத்துவரை ஏறியிருந்தது. ஓர் ஓரத்தில் தோல் சுருங்கிப் பழுப்பாகியிருந்தது.

"இது சொறிஞ்சது இல்ல."

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இந்தப் பக்கம் உனக்கு உணர்ச்சி இருக்கு. தினமும் சுடுதா சுடுதான்னு கேட்டேனே."

"கேட்டீங்க."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? பாப்பா வண்டியோட வந்திருப்பா." அவள் அவர் விரல்களை விடவில்லை. "கொஞ்ச நேரந்தானே. பல்லக் கடிச்சுட்டா போயிரும். கால்ல இவ்வளவு ஆகும்னு நெனைக்கல. அதுதான் எனக்கே தெரியாதே. சரி, விடுங்க. இப்பதான் சரியாயிருச்சில்ல? கோடெல்லாம் போட்டுக் குடுத்திருக்காரு. இனிமே என்ன?"

இனிமே என்ன என்பதை அவர் அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தார். இத்தனை நாள் தினந்தோறும் தான் ஊற்றிய ஒவ்வொரு குவளையும், அதற்கு அவள் சொன்ன ஒவ்வொரு 'நல்லா இருக்கு'ம் ஞாபகத்துக்கு வந்தன. அவள் சில நாள் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். சோப்பு நுரைக்காக என்று நினைத்திருந்தார். சில நாள் அவர் வேட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொள்வாள். விழுந்துவிடுவோம் என்ற பயம் என்று நினைத்திருந்தார். பட்டறையில் கை எப்போது போயிருக்கும்? வேலையில் இருக்கும்போதே போய்விட்டதா? கடைசி வருடங்களில் சூப்பர்வைசர் இவர் கையை நம்பித் துணி நனைத்தாரா, அல்லது மனம் நோகாமலிருக்கக் கூப்பிட்டுவிட்டுப் பின்னால் குச்சியைப் பார்த்துக்கொண்டாரா? அதை இனி கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை.

மறுநாள் காலை அவளைக் குளிக்க அழைத்துப் போனார். கட்டுப் போட்ட காலுக்குப் பிளாஸ்டிக் பை மாட்டி, முக்காலிமேல் தூக்கி வைத்தார். குளியலறையில் ஆவி இல்லை. கண்ணாடியில் இருவர் முகமும் தெளிவாகத் தெரிந்தது. ஹீட்டரின் திருகு பெயின்ட் கோட்டில் நின்றது. ஸ்டூலில் ஏறி இரண்டு முறை பார்த்துவிட்டார். அவள் கேட்டதற்காக ஒரு குவளை எடுத்து முதுகில் ஊற்றினார்.

"அப்பாடா. எவ்வளவு நாளாச்சு," என்றாள்.

"சுடுதா?"

"இல்லீங்க."

அடுத்த குவளையை எடுத்தார். எடுத்தவர் ஊற்றவில்லை.

"நிஜமாச் சொல்லு. சுடுதா?"

"இல்லன்னு சொன்னேனே."

"அன்னிக்கும் இல்லன்னுதான் சொன்ன."

"அது அன்னிக்கு. இன்னிக்கு நிஜமாவே இல்ல. என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணட்டுமா? வலது கை பக்கத்துலதான் இருக்கு." அவள் சிரிக்கப் பார்த்தாள். "ஊத்துங்க. முதுகு காயுது."

அவர் குவளையைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். உதட்டில் வைத்துப் பார்த்தார். ஏதோ தெரிந்தது போலவும் இருந்தது. தெரியவேண்டும் என்று நினைத்ததால் தெரிந்தது போலவும் இருந்தது. திருகைத் திருப்பிய அன்றைக்கும் இப்படித்தானே தெரிந்தது. வாரத்துக்கு ஒருமுறை அதை ஏற்றி இறக்க வேண்டும். இறக்கிய பிறகு அவர் இவளைக் கேட்பார். என்றைக்காவது மறந்துபோய் இறக்காமல் விட்டாலும் கேட்பார். இரண்டு நாளும் இவள் ஒரே பதிலைத்தான் சொல்வாள். ஒரே குரலில், ஒரே முகத்தோடு, இந்த வீட்டில் இருந்துவிட வேண்டும் என்பதற்காகச் சொல்வாள்.

"என்னங்க?"

குவளையிலிருந்த தண்ணீரைத் தரையில் கொட்டினார். பக்கெட்டின் விளிம்பில் குவளையை மாட்டினார். எழுந்து, ஈரக் காலோடு கூடத்துக்குப் போனார். போன் மேஜைமேல் இருந்தது.

"என்னங்க, எங்க போறீங்க?"

மகள் எடுப்பதற்குக் கொஞ்சம் நேரமாயிற்று. பேருந்துச் சத்தம் கேட்டது, வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"பாப்பா. அந்தக் கட்டில் இன்னும் காலியா இருக்கா?"

"என்னாச்சுப்பா? மறுபடியும் சுட்டுருச்சா?"

"இல்ல. ஹீட்டர் சரி பண்ணியாச்சு. நல்லா இருக்கு."

"அப்புறம் என்னப்பா?"

குளியலறையில் எந்தச் சத்தமும் இல்லை. கதவு திறந்தேதான் இருந்தது. கூடத்தில் பேசுவதெல்லாம் அங்கே கேட்கும். அது தெரிந்தும் அவர் குரலைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தினால் அவளுக்குத் தெரியாமல் செய்கிற மாதிரி ஆகிவிடும் என்று பட்டது.

"என்னால முடியல. நீ வண்டியோட வா."

"அப்பா, அம்மா ஒத்துக்கிட்டாங்களா?"

"ஒத்துக்க மாட்டா."

"இப்ப எங்க இருக்காங்க?"

"குளிச்சிட்டிருக்கா," என்று சொல்லிப் போனை வைத்தார்.

அலமாரியிலிருந்து உலர்ந்த துண்டை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். அவள் அதே நாற்காலியில், முதுகில் பாதி ஈரத்தோடு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். உடம்பு இலேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. என்ன செய்தீர்கள் என்று கேட்கவில்லை. காரு கழுவற மாதிரி என்று சொல்லவில்லை. மீட்டர்காரரே என்றும் சொல்லவில்லை.

அவர் துண்டை விரித்து அவள் தோளில் போடப் போனார். அவள் வலது கையை நீட்டி அதை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டாள். கழுத்தைத் துடைத்தாள், மார்பைத் துடைத்தாள். பிறகு துண்டின் நுனியை முதுகுப் பக்கம் எறிந்து பிடிக்கப் பார்த்தாள், அது நழுவியது. மறுபடி எறிந்தாள். எட்டிய இடம்வரை தானே துடைத்துக்கொண்டாள்.